டீசலார் அரசாண்ட ஆறு மாதம்

2022ஆம் ஆண்டு இலங்கையில் இரண்டு முறை ஆட்சி மாறியது. முதலாவதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது, நீச்சல் குளத்தில் குளித்தது, மெத்தையில் படுத்துப் படமெடுத்தது. சில நாளில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவுக்குப் பறந்தார். இரண்டாவது மாற்றம் ஒக்டோபர் 1ஆம் திகதி நடந்தது. அதற்குப் பட்டாசும் இல்லை, பாற்சோறும் இல்லை. ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றருக்கு 40 ரூபா இறங்கி 410க்கு வந்தது. டீசல் இறங்க மறுத்து 430இலேயே குந்தியிருந்தது. காலங்காலமாகப் பெற்றோலுக்குக் கீழே கைகட்டி நின்ற டீசல், அன்று அதன் தலைக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. பதினேழாம் திகதி பெற்றோல் 370, டீசல் 415. இடைவெளி 45 ரூபா. இனி அவரை டீசலார் என்று மரியாதையாகச் சொல்வதே முறை.

வெள்ளவத்தையில், காலி வீதியோரப் பெற்றோல் செட் ஒன்றில், ஓட்டோத் தம்பி ஒருவன் பக்கத்துப் பம்பில் நின்ற பள்ளிக்கூட வான்காரரைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அண்ணை, இனி நீங்கள்தான் பெரிய இடம்."

"சிரி ராசா, சிரி. இருவது வருஷமா உன்ரை பம்பைப் பார்த்து நான் சிரிச்சனான். இப்ப உன்ரை முறை."

"வானை வித்துப்போட்டு ஓட்டோ ஒண்டு எடுங்கோவன்."

"ஆருக்கு விக்கிறது? டீசல் வான் எண்டால் தரகன் ஃபோனும் எடுக்கிறான் இல்லை."

பம்படிப் பொடியனுக்கு இந்த வரலாற்றுத் தருணம் ஒன்றும் விளங்கவில்லை. "கதையை விட்டுட்டு எண்ணெய்ப் பங்கீட்டுக் கியூஆரைக் காட்டுங்கோ" என்றான்.

டீசல் என்றால் மலிவு, பெற்றோல் என்றால் விலை. இது எங்கள் ஊரில் வேதவாக்கு. ஏன் மலிவு என்று கேட்டால், "அது கழிவெண்ணெய் மாதிரித்தானே, அழுக்கு, புகை வரும்" என்று ஒரு மாமா விளக்கம் சொல்வார். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு மாமா உண்டு. மாமா சொன்னது பிழை. டீசல் பிறவியில் மலிவில்லை. அதை மலிவாக வைத்திருந்தவர்கள் கொழும்பில் இருந்த அமைச்சர்கள்.

பிறவியில் இருந்தே தொடங்குவோம். ருடோல்ஃப் டீசல் என்ற ஜெர்மன்காரர் 1897இல் தன் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். தீப்பொறி தேவையில்லை; காற்றை அழுத்திச் சூடாக்கி அதற்குள் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றும். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இந்த இனத்து இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. அதோடு நின்றிருந்தால், எங்கள் நாட்டில் எரிபொருள் விலையை அமைச்சரவைக்குப் பதிலாகச் சைவக்கடை முதலாளிமார் தீர்மானித்திருப்பார்கள். நிலைமை இதைவிட மோசமாகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. 1913 செப்டெம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போன டீசலைப் பிறகு ஒருவரும் உயிரோடு காணவில்லை. ஆளுக்குத் தலைக்கு மேல் கடன். டீசலோடு சம்பந்தப்பட்டவர்கள் கடனில் மூழ்கும் வழக்கம் அன்று தொடங்கியது. எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அந்த மரபை விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறது.

இனிச் சமையலறை. மசகு எண்ணெயைக் கொதிக்கவைத்தால் மேலே லேசானது வரும், அது பெற்றோல். நடுவில் மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும் டீசலும். அடியில் உலை எண்ணெயும் தாரும். ஆட்டை அறுத்துவிட்டு ஈரலை மட்டும் எடுத்துக்கொண்டு குடலை வேண்டாம் என்று சொல்ல முடியாதது போல, பீப்பாயை உடைத்தால் எல்லாம்தான் வரும். இதில் பெற்றோலுக்குப் பெரிய தேவை ஒன்றுதான்: கார், மோட்டார் சைக்கிள், ஓட்டோ. நடுத்துண்டுக்கோ ஊரெல்லாம் வாடிக்கை. லொறிக்கு, பஸ்ஸுக்கு, கப்பலுக்கு, உழவு இயந்திரத்துக்கு, ஜெனரேற்றருக்கு, வானத்தில் போகும் விமானத்துக்கு, குளிர்நாட்டில் வீடு சூடாக்குவதற்கு. இத்தனை பேர் ஒரே துண்டுக்கு அடிபட்டால் விலை எங்கே போகும்? போதாக்குறைக்கு லீற்றருக்கு லீற்றர் டீசலில் சக்தியும் கூட. அதிலுள்ள கந்தகத்தைக் கழுவி எடுக்கும் செலவும் கூட. சிங்கப்பூர்ச் சந்தையில் டீசல் பெற்றோலைவிட ஏறி விற்கும் நாட்கள் எத்தனையோ. எங்களுக்கு அது தெரியாது. செட்டில் தொங்கும் பலகைதானே எங்களுக்குச் சந்தை.

அமெரிக்காவில் மத்திய அரசு வரி பெற்றோலுக்குக் கலனுக்கு 18.4 சதம், டீசலுக்கு 24.4 சதம். பாரலொறிகள்தான் வீதியை உடைக்கின்றன, அவையே கட்டட்டும் என்பது அவர்கள் நியாயம். எங்கள் நியாயம் தலைகீழ்: லொறி அரிசி கொண்டுவருகிறது, பஸ் ஏழையை ஏற்றுகிறது, ஆகவே டீசலுக்கு வரியைக் குறை, காரில் போகிறவன் கட்டட்டும். இந்தியாவும் நீண்டகாலம் எங்கள் கட்சிதான். 2010இல் பெற்றோலின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள், டீசலின் கயிற்றை 2014 வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2020 ஜூன் 24ஆம் திகதி டில்லியில் டீசல் 79.88, பெற்றோல் 79.76 என்று பலகை மாறியபோது டில்லிவாசிகள் வாயைப் பிளந்தார்கள். டில்லி அரசு வரியைக் கூட்டியதன் பலன். வரியால் இறங்கியது வரியால் ஏறும்.

கொழும்பில் ஒரு காலத்தில் பெற்றோலும் டீசலும் எடுபிடிகள், ராசா மண்ணெண்ணெய். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் மண்ணெண்ணெய்த் தாங்கியை மாடு இழுத்துக்கொண்டு வரும். குடை பிடித்த மாதிரி ஒரு கூரை, பின்பக்கம் பித்தளைக் குழாய், மணியோசை, போத்திலோடு ஓடிவரும் பிள்ளைகள். எரிபொருள் விநியோகம் எரிபொருளே இல்லாமல் நடந்தது. எண்ணெய்க்கு வழியில்லாமல் 2022 ஜூனில் அமைச்சரவை கூடியபோது யாராவது ஒருவர் அந்த மாட்டை நினைத்திருக்கலாம்.

எண்ணெயை விற்றது ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் என்ற மூன்று வெள்ளைக்காரக் கம்பனிகள். சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்ததும் வர்த்தக அமைச்சர் டி. பி. இலங்கரத்னவுக்கு இது பொறுக்கவில்லை. மனிதர் சிங்களத்தில் நாவல் எழுதுகிறவர்; முடிவு என்னவாகும் என்று பார்க்காமல் கதையைத் தொடங்கும் துணிச்சல் நாவலாசிரியருக்குத்தான் வரும். 1961இல் 28ஆம் இலக்கச் சட்டம், அதன் கீழ் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம். 1962இல் கம்பனிகளின் செட்டுகள் சிலவற்றையும் குதங்களையும் கையகப்படுத்தினார்கள். எண்ணெய் சோவியத் நாட்டிலிருந்து மலிவாக வந்தது. நட்டஈட்டுக் கதை மட்டும் இழுபட்டது.

அமெரிக்காவுக்குக் கோபம் வந்தது. ஹிக்கன்லூப்பர் என்ற செனட்டர் ஒரு சட்டத்திருத்தம் வைத்திருந்தார்: எங்கள் கம்பனியைப் பறித்து நட்டஈடு கொடுக்காத நாட்டுக்கு உதவி கிடையாது. கியூபாவைப் போன்ற ஆட்களை மனதில் வைத்துத் தைத்த சட்டை அது. முதன்முதலில் போட்டுப் பார்க்க அகப்பட்டதோ நாங்கள். 1963 பெப்ரவரியில் உதவி நின்றது. இலங்கை என்ன செய்தது? 1964 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் கூட்டுத்தாபனமே ஏகபோக வியாபாரி என்றது. பிறகு 1965இல் டட்லி சேனநாயக்க ஆட்சிக்கு வந்து, வாசலில் நின்ற கடன்காரரோடு கதைத்து, நட்டஈட்டைப் பேசித் தீர்த்தார். 1969இல் சப்புகஸ்கந்தவில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது, ஈரானிய மசகெண்ணெய்க்கு அளவெடுத்து. ஈரானுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு நாள் பிடிக்காமல் போகும் என்று அப்போது ஆர் கண்டது?

நான் இலங்கரத்னவைக் குறை சொல்லவில்லை. கம்பனிகள் இருந்திருந்தால் விலையை இலண்டனில் தீர்மானித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து பெற்றோல் செட்டின் பலகை வாக்குச்சீட்டின் பின்பக்கமாகிப் போனது. தேர்தல் வந்தால் இறங்கும், முடிந்தால் ஏறும். அந்தப் பலகையில் டீசல் அரசாங்கத்தின் செல்லப்பிள்ளை. 1958இல் பஸ்களையெல்லாம் அரசுடைமையாக்கிப் போக்குவரத்துச் சபை அமைத்தவர்களுக்கு, தங்கள் பஸ் குடிக்கும் டீசலைத் தாங்களே விலையேற்றுவது கையால் சொந்தக் கண்ணைக் குத்துகிற வேலை.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. யப்பானிலிருந்து வான்கள் வந்தன. 'டொல்பின்' என்று செல்லப்பெயர் வைத்த ஹையேஸ், ரவுன்ஏஸ், பெரும்பாலும் டீசல். பின்னால் பஜிரோ வந்தது, பிராடோ வந்தது. பணக்காரன் முட்டாள் இல்லை. ஏழைக்கென்று மலிவாக்கிய எண்ணெய் இருக்கும்போது அவன் ஏன் பெற்றோலுக்குக் காசைக் கொட்டவேண்டும்? கறுவாத்தோட்டத்தில், அதாவது கொழும்பு ஏழில், ஏழைகளின் எண்ணெய் குளிரூட்டிய பஜிரோக்களில் பவனி வந்தது. முன்னால் பாதுகாப்பு வண்டி, பின்னால் பாதுகாப்பு வண்டி, எல்லாவற்றிலும் டீசல். உள்ளே இருந்தவர் ஏழைகளின் எரிபொருள் மானியத்தைப் பற்றிப் பேசப் போய்க்கொண்டிருந்தார்.

மறுபக்கம் பாருங்கள். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் பஜாஜ் ஓட்டி நாலு பிள்ளைகளைப் படிப்பிக்கிறவன் அடிப்பது பெற்றோல். மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிறவன் அடிப்பதும் பெற்றோல். நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டோக்கள் பதிவாகியிருக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே 'கார்க்காரனின் ஆடம்பர எண்ணெய்'யில் ஓடுகின்றன. கணக்கு இப்படி வந்தது: கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரன் கூடுதல் வரி கட்டி, கறுவாத்தோட்டத்துப் பிராடோவுக்கு எண்ணெய் ஊற்றினான். இதற்குப் பெயர் சமூகநீதி. அரசாங்கத்துக்கும் சாடையாக உறைத்தது. டீசல் காருக்கு வருடாந்த அனுமதிப்பத்திரக் கட்டணத்தைக் கூட்டி வைத்தார்கள். பிராடோ வாங்குகிறவன் அந்தக் கட்டணத்துக்குப் பயந்து பஸ்ஸில் போனதாக வரலாறு இல்லை.

அடுத்த அத்தியாயம் சூதாட்டம். 2007, 2008இல் எண்ணெய் விலை ஏணி வைத்து ஏறியது. கூட்டுத்தாபனத்தின் தலைவர் அஷாந்த டி மெல், ஒரு காலத்தில் இலங்கைக்காக வேகப்பந்து வீசியவர். வங்கிக்காரர் சிலர் வந்து ஒரு யோசனை சொன்னார்கள்: பந்தயம் ஒன்று கட்டுவோம். விலை இந்த வரம்புக்கு மேல் போனால் நாங்கள் உங்களுக்குத் தருகிறோம், அந்த வரம்புக்குக் கீழே போனால் நீங்கள் எங்களுக்குத் தாருங்கள். இதில் ஒரு சின்ன விஷயம். டொய்ச்ச வங்கியோடு 2008 ஜூலை 8ஆம் திகதி கட்டிய பந்தயத்தில், வங்கி தரவேண்டிய தொகைக்கு 25 லட்சம் டொலர் உச்சவரம்பு. நாங்கள் தரவேண்டியதற்கு உச்சவரம்பு இல்லை. மூன்று நாள் கழித்து, ஜூலை 11, உலக எண்ணெய் விலை 147 டொலரைத் தொட்டது. அதுதான் உச்சி. அங்கிருந்து கல்லைப் போட்டதுபோல் விழுந்து வருடம் முடிவதற்குள் 40 டொலருக்கும் கீழே போனது. உச்சியில் ஏறி நின்று, 'இனி மேலேதான் போகும்' என்று கையெழுத்து வைத்த பெருமை எங்களுடையது.

உலகமெல்லாம் எண்ணெய் மலிந்து சிரித்தபோது, மலிந்ததற்காகக் காசு கட்டவேண்டிய ஊர் இது. உயர் நீதிமன்றம் நவம்பரில் வங்கிகளுக்குக் கொடுக்காதே என்று தடுத்தது. டிசம்பரில் இன்னொரு படி மேலே போய், பெற்றோலை லீற்றர் 100 ரூபாவுக்கு விற்கச் சொன்னது. நீதியரசர்கள் பலகையில் விலை எழுதிய நாள் அது. அரசாங்கம் காது கேட்காத பெரியவர் மாதிரி இருந்துவிட்டது. 100 ரூபாப் பெற்றோலை ஒருவரும் கண்ணால் காணவில்லை. 2012இல் சர்வதேச நடுவர் மன்றம் டொய்ச்ச வங்கிக்கு 6 கோடி டொலரும் வட்டியும் கொடு என்று தீர்த்தது.

அதே 2012 பெப்ரவரியில் டீசல் ஒரே இரவில் 84இலிருந்து 115, மண்ணெண்ணெய் 71இலிருந்து 106. பெற்றோலுக்கு வெறும் 12 ரூபா ஏற்றம், 149. செல்லப்பிள்ளைக்கு விழுந்த பெரிய அடி அது. மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். சிலாபத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்தார். இதில் பகிடி இல்லை. 2015 ஜனவரியில் மைத்திரிபால ஜனாதிபதியாக வந்ததும் பெற்றோல் 117, டீசல் 95 என்று இறக்கினார்கள். வாக்குச்சீட்டின் பின்பக்கம் என்று சொன்னேனே, அது.

2018இல் மங்கள சமரவீர நிதியமைச்சர். அவர் கணக்கு வாத்தியாராகி ஒரு சூத்திரம் எழுதினார்: வி1, வி2, வி3, வி4 நான்கையும் கூட்டினால் விலை. வி1 கரைக்கு வந்துசேரும் செலவு, வி2 பதப்படுத்தும் செலவு, வி3 நிர்வாகச் செலவு, வி4 வரி. ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி விலை மாறும். சூத்திரம் சரி, அதை வைத்துச் சிரித்த அரசியல்வாதிகளுக்குக் கூட்டல் தெரியாததுதான் பிழை. வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடைகளில் வி4தான் வில்லன் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். மற்ற மூன்றும் பெற்றோலுக்கும் டீசலுக்கும் ஏறக்குறைய ஒன்று. வி4இல்தான் பெற்றோலுக்குப் பெரிய சுமை, டீசலுக்குச் சின்னச் சுமை. நாற்பது ஐம்பது வருடத்து இரகசியத்தை நாலு எழுத்தில் எழுதிப் போட்டார் மனிதர். கோட்டாபய ஆட்சி வந்ததும் சூத்திரத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள்.

2021 ஜூனில் உதய கம்மன்பில எரிசக்தி அமைச்சர். பெற்றோலை 157, டீசலை 111 ஆக்கினார். விலையைக் கூட்டியதற்காகப் பதவி விலகு என்று முழங்கியது எதிர்க்கட்சி மட்டுமல்ல, அவரைத் தோளில் சுமந்த ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளருந்தான். சொந்த அரசாங்கத்துக்கு எதிராகச் சொந்த அரசாங்கமே போராடிய அந்தக் காட்சியைப் பார்த்தபோதே நாங்கள் சுதாகரித்திருக்கவேண்டும். நவம்பரில் டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்த மூடப்பட்டது. டிசம்பரில் பெற்றோல் 177, டீசல் 121.

பிறகு வந்தது 2022. கடலைப் பார்த்த கொட்டாஞ்சேனை மொட்டைமாடிகளில் நின்றால் தூரத்தில் கப்பல்கள் தெரியும். அவற்றில் எண்ணெய் இருக்கும். கப்பல்காரனுக்குக் கொடுக்க டொலர் இருக்காது. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், பம்புக்கு வராது. களனி ஆற்றங்கரையில் களனிதிஸ்ஸ மின்நிலையம் டீசலுக்கு வாய் பிளந்து நின்றது. மின்நிலையத்துக்கு டீசல் இல்லாததால் மின்வெட்டு. மின்வெட்டால் வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் ஜெனரேற்றர். ஜெனரேற்றருக்கு டீசல். ஆகவே பஸ்ஸுக்கு டீசல் இல்லை. இந்த வட்டத்தை எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் படித்ததில்லை. மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டு. அன்றிரவுதான் இருட்டில் இருந்து அலுத்த சனம் மிரிஹானவில் ஜனாதிபதி வீட்டுக்குப் போய் நலம் விசாரித்தது.

மார்ச்சில் ஒரு கூத்து. ஏகபோகம் தளர்ந்தபின் நாட்டுக்குள் வந்த இந்தியன் எண்ணெய்க் கம்பனியின் செட்டில் டீசல் 214, கூட்டுத்தாபனத்தின் செட்டில் 176. மலிவான இடத்தில் வரிசை, வரிசையின் முடிவில் 'டீசல் நெத', டீசல் இல்லை என்ற பலகை. கூடின விலையில் இருக்கும், குறைந்த விலையில் இல்லை. விலை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பேராசிரியரும் விளக்கியதில்லை.

இனிக் கூட்டுத்தாபனப் பலகையில் இடைவெளியை மட்டும் பாருங்கள். மார்ச்சில் பெற்றோல் 254, டீசல் 176, வித்தியாசம் 78. ஏப்ரலில் 338, 289, வித்தியாசம் 49. மே மாதம் 420, 400; 20. ஜூன் 26இல் 470, 460, வெறும் 10. டீசலார் படியேறிக்கொண்டு வருகிறார். நாங்கள் வரிசையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்ததால் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

ஏன் ஏறினார்? உள்ளூர்க் காரணம் ஒன்று. செல்லம் கொடுப்பதற்கு அப்பன் கையில் காசில்லை. கடன் கட்டமுடியாது என்று ஏப்ரலில் அறிவித்த அரசாங்கம், வாங்கின விலைக்கே விற்கவேண்டிய நிலைக்கு வந்தது. மானியம் போனதும் டீசலின் நிசமான முகம் தெரிந்தது. வெளியூர்க் காரணமும் உண்டு. கொரோனாக் காலத்தில் உலகில் பல சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. மிச்சத்தில் உக்ரேன் யுத்தம் மண்ணைப் போட்டது. ஐரோப்பா ருஷ்ய டீசலைக் குடித்து வளர்ந்த வீடு. 2023 பெப்ரவரி முதல் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டு, அதற்கு முன்பே உலகமெல்லாம் டீசலைத் தேடி வாங்கியது. அதோடு வடக்கே குளிர்காலம். வெள்ளவத்தையில் பனியனையும் கழற்றிவிட்டு விசிறிக்குக் கீழே படுத்திருக்கிறவன், ஜெர்மன்காரனின் ஹீற்றருக்கும் சேர்த்துத்தான் டீசல் விலை கொடுத்தான். பெற்றோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெற்றோலை ஊற்றி ஒருவரும் வீடு சூடாக்குவதில்லை, எரிப்பதென்றால் வேறு கதை.

மண்ணெண்ணெயார் மட்டும் பழைய ராசா என்ற மரியாதையில் 87 ரூபாவிலேயே இருந்தார். டீசல் 430, மண்ணெண்ணெய் 87. இரண்டும் பீப்பாயின் நடுத்துண்டு, ஒன்றில் ஒன்று கலந்தால் அடையாளம் தெரியாது. அந்த நாட்களில் சில பஸ்கள் விட்ட புகையில் குப்பிவிளக்கு வாசம் வந்ததை மூக்குள்ள எல்லாரும் அறிவர். ஓகஸ்ட் 22இல் மண்ணெண்ணெயை ஒரே தூக்கில் 340 ஆக்கினார்கள். வாசம் நின்றது. மலையகத்துக் குடும்பமும் கரையோர மீனவனும் அதற்கு விலை கொடுத்தார்கள், பஸ் முதலாளியல்ல.

டீசலார் ஆட்சியை ஓட்டோத் தம்பி கொண்டாடியது ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. டீசல் தனக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறவனின் தேங்காயும் டீசலில்தான் வருகிறது. யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆள் ஏற்றிக்கொண்டு போகும், விடிய முருங்கைக்காயோடும் கருவாட்டோடும் திரும்பும். வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு அம்மா கேட்டார், "இதென்ன தம்பி முருங்கைக்காய், தங்கமே?"

"டீசல் ஏறிட்டுது அம்மா."

"பெற்றோல் நாப்பது ரூபா குறைஞ்சதெல்லே?"

"முருங்கைக்காய் பெற்றோல்லை வாறேல்லை அம்மா."

இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல முயன்றதை அந்த வியாபாரி நாலு சொல்லில் முடித்துவிட்டார். ஆனால் அவரிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கவேண்டும். 2023 மார்ச் 29 நள்ளிரவு டீசல் 80 ரூபா குறைந்தது. பெற்றோல் 340, டீசல் 325. ஆறு மாத ஆட்சி முடிந்து டீசலார் பழையபடி கீழே இறங்கி நின்றார். முருங்கைக்காய் இறங்கவில்லை. அது வரும்போது டீசலில் வந்ததாம், பிறகு கூலியில் வந்ததாம், அதற்குப் பிறகு மழையில் வந்ததாம்.

பஸ் கட்டணம் ஓரளவு சொல் கேட்டது. 2022 தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் ஜூலையில் 40 வரை ஏறி, ஓகஸ்டில் 34க்கு வந்து, டீசலார் இறங்கிய கையோடு 30 ஆனது. கொட்டாஞ்சேனைக்கும் மொறட்டுவைக்கும் இடையில் ஓடும் 102ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறி 50 ரூபாத் தாளை நீட்டினால் மிச்சக் காசு வரவேண்டும். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று உங்களை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே அதை மறந்துபோவார். மறக்க விடாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.